கூகுள் கோட்: திறமூல மென்பொருள் களஞ்சியத் தளம் ஒன்றின் எழுச்சியும் மூடலும்

ஆய்வுச் சுருக்கம்

திறமூல மென்பொருள்களின் மூலநிரலைக் கட்டணமின்றிச் சேமித்து வழங்குவதற்காக 2006ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் தொடங்கிய தளம் கூகுள் கோட் ஆகும். பத்து ஆண்டுகள் நிறைவதற்குள், 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. அத்தளம் தோன்றியதற்கும் வளர்ந்ததற்கும் மூடப்பட்டதற்கும் உரிய காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது. கிட் என்னும் கருவியின் வருகையே இம்மூடலுக்குக் காரணம் என்னும் பொதுவான கருத்துப் போதுமானதன்று என்பதை, கோட்பிளெக்ஸ், கிட்டோரியஸ் ஆகிய தளங்களோடு ஒப்பிட்டு நிறுவ முயல்கிறது. மூடலின்போது எவை காக்கப்பட்டன, எவை சிதைந்தன என்பதை வகைப்படுத்தி, மென்பொருளை மேற்கோளாகச் சுட்டும் ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், மூலநிரல், களஞ்சியம், கூகுள் கோட், கிட்ஹப், எண்ணிமப் பாதுகாப்பு, மேற்கோள் நெறி

முன்னுரை

அச்சு நூலொன்றை மேற்கோள் காட்டும் ஆய்வாளர், அந்நூலை வெளியிட்ட பதிப்பகம் மூடப்பட்டாலும் நூல் நூலகங்களில் இருக்கும் என்னும் நம்பிக்கையோடு எழுதுகிறார். மென்பொருளைப் பொறுத்தவரை அந்நம்பிக்கைக்கு இடமில்லை. மூலநிரல் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. அந்நிறுவனத்தின் முடிவு மாறினால் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் உள்ள முகவரி வெற்று முகவரியாகிவிடும். சொல்லடைவு, உரைத்தொகுப்பு, எழுத்துணரி எனக் கணினிக் கருவிகளைப் பயன்படுத்தும் ஆய்வுகள் மொழித்துறைகளிலும் பெருகிவரும் நிலையில், இச்சிக்கல் கணினி அறிவியலாருக்கு மட்டும் உரியதன்று. இதனை விளங்கிக்கொள்ளக் கூகுள் கோட் தளத்தின் வரலாறு தக்க சான்றாக அமைகிறது.

களஞ்சியத் தளம் என்பது

மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் மென்பொருள் திறமூல மென்பொருள் எனப்படும். ஒருவரையொருவர் நேரில் அறியாத பலர் சேர்ந்து இதனை உருவாக்குவதால் அவர்களுக்குப் பொதுவான பணியிடம் ஒன்று தேவைப்படுகிறது. அப்பணியிடத்தில் குறைந்தது நான்கு கூறுகள் இருக்கவேண்டும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் எனப் பதிந்துவைக்கும் பதிப்பு மேலாண்மை முதலாவது. பயனர் கண்ட வழுக்களைத் தெரிவித்து விவாதிக்கும் வழுப்பதிவு இரண்டாவது. விளக்கப் பக்கங்கள் மூன்றாவது. நிறுவுவதற்கு ஏற்ற கோப்புகளைப் பதிவிறக்கும் வசதி நான்காவது. இந்நான்கையும் ஓரிடத்தில் வழங்குவதே களஞ்சியத் தளம்.

இவ்வகைத் தளங்களுக்கு முன்னோடியாக அமைந்தது விஏ லினக்ஸ் நிறுவனம் 1999ஆம் ஆண்டு தொடங்கிய சோர்ஸ்ஃபோர்ஜ் ஆகும். அதற்குமுன் ஒவ்வொரு மென்பொருள் குழுவும் தனக்கெனத் தனி வழங்கியை அமைத்துப் பராமரிக்க வேண்டியிருந்தது. சோர்ஸ்ஃபோர்ஜ் அச்சுமையை நீக்கியது. ஆனால் சில ஆண்டுகளிலேயே மிகப் பல திறமூல மென்பொருள்கள் ஒரே தளத்தைச் சார்ந்திருக்கும் நிலை உருவாயிற்று. கூகுள் கோட் தோன்றியபோது நிலவிய சூழல் இதுவே.

கூகுள் கோட்டின் தோற்றம்

2006ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் நடைபெற்ற ஆஸ்கான் திறமூல மாநாட்டில் இச்சேவை அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட பதிப்பு மேலாண்மைக் கருவி சப்வெர்ஷன். அதனை உருவாக்கியவர்களுள் பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக், பென் காலின்ஸ்-சஸ்மன் ஆகியோர் அப்போது கூகுளில் பணியாற்றினர். தனது பரந்த வழங்கிகளில் இயங்கும் பிக்டேபிள் என்னும் தரவுச் சேமிப்பு அமைப்பின்மீது சப்வெர்ஷன் இயங்குமாறு கூகுள் அதனை மாற்றியமைத்தது. இதனால் ஒரு கணினி பழுதுற்றாலும் களஞ்சியம் பழுதுறாத நிலை ஏற்பட்டது.

இத்தளத்தின் வடிவமைப்பில் எளிமை முதன்மை பெற்றது. மென்பொருளின் பெயர், ஒரு சிறு விளக்கம், உரிமம் ஆகியவற்றைத் தந்தால் சில நிமிடங்களில் களஞ்சியம் உருவாகிவிடும். வழுப்பதிவில் கட்டாயமாக நிரப்பவேண்டிய கட்டங்களுக்கு மாறாக, பயனர் தாமே இடும் குறிச்சொற்கள் வைக்கப்பட்டன. விளக்கப் பக்கங்களும் சப்வெர்ஷன் களஞ்சியத்துக்குள்ளேயே சேமிக்கப்பட்டன. இந்த ஏற்பாடு மூடலின்போது பயன்தந்ததைப் பின்னர்க் காணலாம்.

உரிமக் கொள்கை

கூகுள் கோட் தொடக்கத்தில் ஏழு உரிமங்களை மட்டுமே ஏற்றது. திறமூல உரிமங்கள் அளவின்றிப் பெருகுவது மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பதற்குத் தடையாகும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஓர் உரிமத்தின் நிபந்தனை மற்றொன்றோடு முரண்பட்டால் இரு நிரல்களையும் சேர்த்து வெளியிட இயலாது என்பதால் இவ்வாதத்தில் உண்மையுண்டு.

ஆயினும் இணையச் சேவையாக இயங்கும் மென்பொருளின் நிரலையும் அதன் பயனருக்கு வழங்கவேண்டும் என வற்புறுத்தும் அஃபெரோ பொது உரிமம் நெடுங்காலம் ஏற்கப்படாதது விவாதத்திற்கு உள்ளாயிற்று. இணையச் சேவையையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அவ்வுரிமத்தை விலக்குவது நடுநிலையாகாது என்று எதிர்ப்பாளர் வாதிட்டனர். 2010ஆம் ஆண்டில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, திறமூல முன்னெடுப்பு அமைப்பு ஒப்புதல் தந்த உரிமங்கள் அனைத்தும் ஏற்கப்பட்டன. களஞ்சியத்தை நடத்துவோரின் கொள்கை, அதில் எவ்வகை நூல் இடம்பெறும் என்பதையும் வரையறுக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

வளர்ச்சி

கூகுளின் குரோமியம் உலாவி, வி8 பொறி, கோ நிரல்மொழி, குவாவா நூலகம் ஆகியவை இத்தளத்தில் இடம்பெற்றன. மெம்கேஷ்டு போன்ற, கூகுளுக்கு வெளியே பிறந்த மென்பொருள்களும் இங்கு இருந்தன. தமிழாய்வோடு நேரடித் தொடர்புடையது டெசராக்ட் என்னும் எழுத்துணரி ஆகும். ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் 1980களில் தொடங்கப்பட்ட இம்மென்பொருள், 2005ஆம் ஆண்டு திறமூலமாக வெளியிடப்பட்டு, பின்னர்க் கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. அதன் மூலநிரலும் பயிற்சித் தரவுகளும் கூகுள் கோட்டில் வைக்கப்பட்டிருந்தன. இன்று தமிழ் அச்சு நூல்களை எண்ணிம உரையாக்கும் முயற்சிகளில் பயன்படும் கருவிகளுள் அதுவும் ஒன்று.

மூடலுக்குப் பின் வெளியிடப்பட்ட காப்பகத்தின் அளவு இத்தளத்தின் பரப்பைக் காட்டுகிறது. 14 லட்சத்திற்கும் மேற்பட்ட மென்பொருள் திட்டங்களும், ஏறத்தாழ 15 லட்சம் பதிவிறக்கக் கோப்புகளும், 1 கோடியே 26 லட்சம் வழுப்பதிவுகளும் அதில் உள்ளன.

தேய்வின் காரணங்கள்

கூகுள் கோட்டின் தேய்வுக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் கிட் என்னும் கருவியின் எழுச்சி. சப்வெர்ஷனில் நிரலின் முழு வரலாறும் மைய வழங்கியில் மட்டுமே இருக்கும். நிரலாளரின் கணினியில் இருப்பது அவர் பணிசெய்யும் படி மட்டுமே. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய கிட், இந்த அமைப்பை மாற்றியது. அதில் களஞ்சியத்தைப் படியெடுக்கும் ஒவ்வொருவரிடமும் இயல்பாக முழு வரலாறும் சென்றுசேர்கிறது. இக்கருவியை மையமாகக் கொண்டு 2008ஆம் ஆண்டு கிட்ஹப் தளம் தொடங்கப்பட்டது.

கூகுள் கோட் 2009ஆம் ஆண்டு, கிட்டை ஒத்த மெர்க்குரியல் கருவியை ஏற்றது. கிட்டையே 2011ஆம் ஆண்டு ஜூலையில்தான் ஏற்றது. இக்காலத்தாழ்ச்சி பாதிப்பை ஏற்படுத்தியது உண்மையே. ஆனால் கிட் வந்தபின்னும் தேய்வு நிற்கவில்லை என்பதை நோக்க, கருவியொன்றே காரணம் எனக் கொள்வதற்கில்லை. பிற காரணங்களை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, பங்களிப்பு முறையின் வேறுபாடு. கூகுள் கோட்டில் பக்கம் என்பது மென்பொருள் திட்டத்துக்கு உரியது. புதிதாக வருபவர் திருத்தம் ஒன்றைத் தரவேண்டுமெனில் அதனைத் தனிக் கோப்பாக வழுப்பதிவில் இணைத்துப் பொறுப்பாளரின் கவனத்துக்குக் காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. நேரடியாக எழுதும் உரிமை பொறுப்பாளரால் சேர்க்கப்பட்டவர்க்கே உண்டு. கிட்ஹப்பிலோ பக்கம் என்பது முதலில் ஆளுக்கு உரியது. எவரும் பிறருடைய களஞ்சியத்தைத் தம் பெயரில் படியெடுத்து, திருத்தி, இணைப்புக் கோரிக்கை அனுப்பலாம். அக்கோரிக்கையின்மீது வரிவரியாக விவாதம் நடைபெறும். முன்பின் அறியாதவரின் முதல் பங்களிப்பை ஏற்பதற்கான தொலைவு இதனால் வெகுவாகக் குறைந்தது.

இரண்டாவது, முறைகேடு. எவரும் கட்டணமின்றிக் கோப்பேற்றலாம் என்னும் வசதி, தீங்கு விளைவிக்கும் மென்பொருள்களைப் பரப்புவோருக்கும் எரிதமிடுவோருக்கும் பயன்பட்டது. இதனால் 2013ஆம் ஆண்டு மே மாதம் புதிய திட்டங்களுக்குப் பதிவிறக்க வசதி நிறுத்தப்பட்டது. 2014ஆம் ஆண்டு ஜனவரியில், பழைய திட்டங்களிலும் புதிய கோப்புகளை ஏற்றும் வசதி நீக்கப்பட்டது. நான்கு கூறுகளுள் ஒன்று இவ்வாறு இழக்கப்பட்டபோது, பல குழுக்கள் வேறிடம் தேடும் நிலைக்கு உள்ளாயின.

மூன்றாவது, பொருளியல் அடிப்படை. தனியார் களஞ்சியங்களுக்குக் கட்டணம் பெற்ற கிட்ஹப்புக்குக் களஞ்சியத் தளமே தொழில். 2012ஆம் ஆண்டில் அது 10 கோடி டாலர் முதலீட்டையும் பெற்றது. கூகுளுக்கோ கூகுள் கோட் வருவாய் தரும் பிரிவன்று. திறமூல உலகம் ஒரே தளத்தைச் சார்ந்திருக்கக்கூடாது என்னும் நோக்கில் தரப்பட்ட ஒரு பொதுச்சேவையாகவே அது இருந்தது. மாற்றுத் தளங்கள் பெருகியபின் அந்நோக்கமும் வலுவிழந்தது.

ஒப்பீடு

மேற்கண்ட காரணங்களின் ஏற்புடைமையைச் சோதிக்க வேறு இரு தளங்களைக் காணலாம். மைக்ரோசாஃப்ட் 2006ஆம் ஆண்டு தொடங்கிய கோட்பிளெக்ஸ், 2012ஆம் ஆண்டிலேயே கிட்டை ஏற்றது. எனினும் 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூடல் அறிவிக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய 30 நாள்களில் நிரல்மாற்றம் கண்ட திட்டங்கள் 350க்கும் குறைவு என அந்நிறுவனமே தெரிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அத்தளம் மூடப்பட்டது.

கிட்டோரியஸ் 2008ஆம் ஆண்டு தொடங்கியது முதலே கிட்டை மட்டும் பயன்படுத்திய தளம். அதன் மென்பொருளும் திறமூலமாக இருந்தது. அத்தளத்தையும் 2015ஆம் ஆண்டு கிட்லேப் நிறுவனம் வாங்கி மூடிவிட்டது.

கிட் தாமதமாக வந்த தளம், இடையில் வந்த தளம், தொடக்கம் முதலே இருந்த தளம் ஆகிய மூன்றும் மூடப்பட்டன. எனவே கிட் இருப்பது ஒரு தளத்தின் நிலைபேற்றுக்குப் போதுமான காரணம் ஆகாது. பங்களிப்போர் திரளும் இடமாக அமைவதும், தளத்தை நடத்துவதற்கான நிலையான பொருள்வளம் இருப்பதுமே தீர்மானிக்கும் கூறுகள் எனலாம்.

மூடல் நிகழ்ந்த முறை

2015ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று கூகுள் தன் முடிவை அறிவித்தது. அன்றே புதிய திட்டங்களைத் தொடங்கும் வசதி நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 24 முதல் தளம் படிப்பதற்கு மட்டும் உரியதாயிற்று. 2016ஆம் ஆண்டு ஜனவரி 25 அன்று சேவை மூடப்பட்டது. பல திட்டங்கள் வேறு தளங்களுக்குச் சென்றுவிட்டன என்பதும், எஞ்சியுள்ள மேலாண்மைப் பணி பெரும்பாலும் முறைகேடுகளைக் களைவதாகவே உள்ளது என்பதும் கூறப்பட்ட காரணங்கள். கூகுளே தன் திறமூலத் திட்டங்களுள் ஏறத்தாழ ஆயிரத்தை அதற்குள் கிட்ஹப்புக்கு மாற்றியிருந்தது.

ஏறத்தாழ பத்து மாத அவகாசம், கிட்ஹப்புக்கு மாற்றும் கருவி, மூடலுக்குப் பின் பொதுக் காப்பகம் ஆகியவை தரப்பட்டதால் இதனை ஒழுங்கான மூடல் என்றே கூறவேண்டும். அவ்வாறு ஒழுங்காக நிகழ்ந்த மூடலிலும் சிதைவுகள் நேர்ந்தன என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் செய்தி.

எஞ்சியவையும் சிதைந்தவையும்

மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் பெரும்பாலும் எஞ்சின. விளக்கப் பக்கங்கள் களஞ்சியத்தின் பகுதியாக இருந்தமையால் நிரலோடு சேர்ந்தே பெயர்க்கத்தக்கனவாக இருந்தன. சிதைவு நேர்ந்த இடங்கள் மூன்று.

ஒன்று, முகவரி. இதன் விளைவைக் கோ நிரல்மொழியில் தெளிவாகக் காணலாம். அம்மொழியில் பிறர் எழுதிய நிரல்தொகுதியைப் பயன்படுத்த, அது இருக்கும் தளத்தின் முகவரியையே நிரலுக்குள் எழுதவேண்டும். எனவே கூகுள் கோட்டின் பெயர் எண்ணற்ற நிரல்களுக்குள் ஒரு வரியாக இடம்பெற்றிருந்தது. தளம் மூடப்பட்டபின் அந்நிரல்களைப் புதிய கணினியில் தொகுக்க முயன்றால், முகவரியைத் திருத்தாமல் தொகுக்க இயலாது. கோ குழுவினர் 2014ஆம் ஆண்டின் இறுதியிலேயே இடம்பெயர்ந்து, தம் துணைத்தொகுதிகளுக்குக் களஞ்சியத் தளத்தைச் சாராத சொந்த முகவரியை அமைத்துக்கொண்டது, இச்சிக்கலை அவர்கள் உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது.

இரண்டு, ஆசிரியர் அடையாளம். மாற்றும் கருவியின்வழி கிட்ஹப்புக்குச் சென்ற வழுப்பதிவுகளை இன்று காண்போர், அவற்றைத் தொடங்கியவராகக் கூகுள்கோட் எக்ஸ்போர்ட்டர் என்னும் ஒரே கணக்கின் பெயரைக் காண்பர். உண்மையில் எழுதியவரைப் பற்றிய குறிப்பு, மூலப் பதிவு இன்னாரால் இன்ன நாளில் இடப்பட்டது என உரைக்குள் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. பலர் பேசிய உரையாடல், ஒருவரே படியெடுத்த ஏடுபோல் ஆகிவிட்டது. மூலபாட ஆய்வில் பழகியோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். உரை இருக்கிறது. ஆனால் உரையை யார் கூறினார் என்பது அமைப்பின் பகுதியாக இல்லாமல் செவிவழிக் குறிப்பின் நிலைக்கு இறங்கிவிட்டது.

மூன்று, கைவிடப்பட்ட திட்டங்கள். பொறுப்பாளர் இருந்த திட்டங்கள் இடம்பெயர்ந்தன. பொறுப்பாளர் வேறு பணிக்குச் சென்றுவிட்ட திட்டங்கள் காப்பகத்தில் தங்கின. அவற்றைப் படிக்கலாம், ஆனால் அங்கு வழுவைத் தெரிவிக்கவோ திருத்தத்தை இணைக்கவோ இயலாது. சிறுபான்மையோர் பயன்படுத்தும் கருவிகளும் ஒருவரே தனித்து உருவாக்கிய கருவிகளும் இந்நிலைக்கு எளிதில் ஆளாகும் என்பதால், பயனர் குறைந்த மொழிகளுக்கான மென்பொருள்களில் இதன் விளைவு கூடுதலாக இருக்கும் எனக் கருத இடமுண்டு.

பாதுகாப்பு முயற்சிகள்

கூகுள் கோட் மூடப்பட்ட அதே 2016ஆம் ஆண்டில், பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் சாஃப்ட்வேர் ஹெரிட்டேஜ் என்னும் மென்பொருள் காப்பகத்தை அறிவித்தது. ராபர்ட்டோ டி காஸ்மோ, ஸ்டெஃபானோ சாக்கிரோலி ஆகியோர் இதன் நிறுவனர்கள். பொதுவில் கிடைக்கும் மூலநிரல் அனைத்தையும் திரட்டுவது இதன் நோக்கம். கூகுள் கோட், கிட்டோரியஸ் ஆகியவற்றின் களஞ்சியங்களும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன.

இக்காப்பகம் நிரலுக்குத் தரும் அடையாளம் தனித்தன்மை உடையது. இணைய முகவரி என்பது பொருள் இருக்கும் இடத்தைச் சுட்டும். இடம் மாறினால் முகவரி பொய்க்கும். இக்காப்பகத்தின் அடையாளமோ நிரலின் உள்ளடக்கத்திலிருந்தே கணித முறையில் பெறப்படும் எண்ணெழுத்துத் தொடர். ஓர் எழுத்து மாறினாலும் அத்தொடர் மாறிவிடும். ஆதலால் நிரல் எங்கு இருந்தாலும், ஆய்வாளர் பயன்படுத்திய அதே வடிவம் இதுவா எனப் பிறர் சரிபார்க்கலாம்.

ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து சில நெறிகளைப் பெறலாம். மென்பொருளை மேற்கோளாகச் சுட்டும்போது தளத்தின் முகவரியோடு நின்றுவிடாமல் மென்பொருளின் பெயர், உருவாக்கியோர், பதிப்பு எண், உரிமம், பயன்படுத்திய நாள் ஆகியவற்றையும் தரவேண்டும். டெசராக்ட் போன்ற கருவியாயின் பயிற்சித் தரவின் பதிப்பையும் குறிக்கவேண்டும். தரவு மாறினால் அதே நிரல் வேறு உரையைத் தரும் என்பதால் இது இன்றியமையாதது. முடிந்தவிடத்து உள்ளடக்கம்சார் அடையாளத்தையும் சேர்க்கலாம்.

ஆய்வாளர் தாமே உருவாக்கிய நிரலைக் களஞ்சியத் தளத்தில் மட்டும் வைப்பது போதாது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில் இருந்த வடிவத்தைக் காப்பகம் ஒன்றிலும் சேர்க்கவேண்டும். ஐரோப்பிய அணு ஆய்வு அமைப்பான செர்ன் நடத்தும் செனோடோ, இவ்வாறு சேர்க்கப்படும் படைப்புகளுக்கு நிலையான எண் வழங்குகிறது. உரிமத்தை எழுத்தில் தருவதும் தேவை. உரிமம் குறிப்பிடப்படாத நிரலைக் காப்பகம் காத்தாலும், பிறர் அதனைத் தொடர்ந்து வளர்க்கச் சட்டம் இடந்தராது.

முடிவுரை

கூகுள் கோட் ஒரே தளத்தைச் சார்ந்திருந்த நிலையை மாற்றத் தோன்றியது. அது மூடப்பட்டபோது அதன் திட்டங்கள் பெரும்பாலும் மற்றோர் ஒரே தளத்தை நோக்கிச் சென்றன. அத்தளமான கிட்ஹப்பை 2018ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவும் ஒரு நாள் மூடப்படும் என்று கூறுவதற்குச் சான்றில்லை. மூடப்படாது என்பதற்கும் சான்றில்லை. ஈரேழ்நூறு மைல் தொலைவில் உள்ளவரும் சேர்ந்து பணிசெய்வதற்கு ஏற்ற இடம் ஒன்று, நூறாண்டு கழித்துப் படிப்பவருக்காகப் பேணும் இடம் மற்றொன்று. முன்னது களஞ்சியத் தளம், பின்னது காப்பகம். கூகுள் கோட்டின் பயனர் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியிருந்தனர். சுவடி ஒன்றே இருந்த நூல்கள் அழிந்ததையும், பல ஊர்களில் படியெடுக்கப்பட்ட நூல்கள் எஞ்சியதையும் அறிந்த தமிழாய்வுலகிற்கு இவ்வேறுபாடு புதிதன்று. தன் கணினிக் கருவிகளைப் பொறுத்தும் அவ்விழிப்பை அது கைக்கொள்ளுதல் வேண்டும்.